தோளுக்கு ஒரு பூச்சி

கோமதிநாயகம் தன் மனைவி உலகம்மாளைக் கடைசியாக உயிரோடு பார்த்தது, ஏலக்காய்த் தோட்டத்தைத் தாண்டிப் பாதை கீழே இறங்குகிற வளைவில், கயிற்றுக் கட்டிலில் அவளைக் கிடத்தி மூன்று பெண்களும் பழைய ஆலைக் காவலாளி ஹோஸாவும் தூக்கிக்கொண்டு போனபோது. காலை ஏழு மணி இருக்கும், மூடுபனி விலகவில்லை. கட்டில் வளைவில் திரும்பியபோது அவள் தலையைத் தூக்கி, காய்ச்சலில் மஞ்சள் பாரித்த கண்ணால் அவரைத் தேடிப் பிடித்து, "வலையத் திறந்துராதிய, கண்ண எடுக்காம பாருங்க," என்றாள். அவளுடைய இடது தோளில் செம்மண் நிறத்து வண்ணத்துப்பூச்சி ஒன்று இறகை மூடி உட்கார்ந்திருந்தது. பிறகு வாழைமரங்கள் கட்டிலை மறைத்துக்கொண்டன. அவர் வீட்டைப் பார்த்துத் திரும்பி நடந்தார். அவருடைய இடது தோளில் கறுப்பும் வெள்ளையுமான ஒன்று உட்கார்ந்திருந்தது.

அவர் தென்காசிப் பக்கத்துக்காரர். செங்கோட்டை அறுவை மில்லில் ரம்பத்துக்குப் பல் தீட்டிக்கொண்டிருந்தவரை, ஆப்பிரிக்காவில் டான்சானியா தேசத்து உசம்பரா மலைமேல் குவேமாலா என்கிற ஊரில் ஒரு மர ஆலைக்குத் தீட்டுகிற ஆள் வேண்டுமென்று கப்பலேற்றினார்கள். உலகம்மாள் ஒரு கையில் துணிப்பையும் மறு கையில் ஈரச்சாக்கு சுற்றிய கறிவேப்பிலைக் கன்றுமாக வந்திறங்கினாள். அந்த ஊரில் தாயை 'மாமா' என்று கூப்பிடுவார்கள், மரியாதைப்பட்ட பெண்களையும் அப்படியே. முதல்நாள் பெண்கள் சுற்றி நின்று 'மாமா, மாமா' என்றதும் அவள் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்து, "இனி மீச ஒண்ணுதான் எனக்குக் கொறச்சல்," என்றாள். கைத்தொழில்காரனை அங்கே 'ஃபுண்டி' என்பார்கள். அவருக்கு அதுவே பெயராயிற்று. பிள்ளை பிறக்கவில்லை. கறிவேப்பிலைக் கன்று மட்டும் பிழைத்துக்கொண்டது.

அந்த மலையில் கற்பூர வாசனை அடிக்கிற மரங்கள் இருந்தன. நான்கு பேர் கைகோர்த்தாலும் சுற்றி வளைக்க முடியாத மரங்கள். அவற்றை அறுக்கும்போது ஆலை முழுக்கச் சாயரட்சைக் கோயில்போல மணக்கும். அறுத்துப் போட்ட கட்டைகளில் நீர் கசியும் இடத்தில் வண்ணத்துப்பூச்சிகள் வந்து உட்காரும், காட்டில் எத்தனை வகை உண்டோ அத்தனையும், உட்கார்ந்து நீர் குடித்துவிட்டு ஆளைப் பொருட்படுத்தாமல் போகும். பல் தீட்டி முடித்த வேளைகளில் கோமதிநாயகம் அவற்றைப் பார்த்தார். முதலில் பார்த்தார், பிறகு எண்ணினார், பிறகு பிடித்தார். ஊரிலிருந்து மைத்துனர் வருஷாவருஷம் அனுப்பும் தினசரிக் காலண்டரின் தாள்களை முக்கோணமாக மடித்து, ஒவ்வொரு தாளுக்குள்ளும் ஒன்றை வைத்து, எறும்பு வராமலிருக்க ரசகற்பூர உருண்டை போட்டுத் தகரப்பெட்டியில் அடுக்கினார். இராகுகாலம் எமகண்டம் அச்சடித்த தாள்களுக்குள் அந்தக் காடு உறங்கியது. இறகை விரித்தால் நீலமாகவும் மூடினால் சருகாகவும் தெரிவது, தலை எது வால் எது என்று பறவைக்குப் புரியாதபடி பின்பக்கமும் மீசை முளைத்தது, ராஜகளையோடு வந்து சாணத்தில் மட்டுமே உட்காருவது, தரையோடு தவழ்வது, மர உச்சியை விட்டு இறங்காதது என்று இருபது வருஷத்தில் நானூற்றுப் பன்னிரண்டு வகை. நீள நோட்டில் ஒவ்வொன்றுக்கும் தானே ஒரு பெயர் வைத்து, எங்கே பார்த்தது, எந்த மாதம், எதைக் குடித்தது, பறவை தின்கிறதா துப்புகிறதா என்று எழுதினார். மழைக்கு முன் ஒரு சட்டையும் மழைக்குப் பின் ஒரு சட்டையும் போடுகிற ஒரு பூச்சியை இரண்டு வகையென்று எழுதிவைத்திருந்து, ஆறு வருஷம் கழித்து உண்மை தெரிந்தபோது ஒன்றை அடித்துவிட்டார். அப்போது அடிப்பதற்கு அவர் வெட்கப்படவில்லை. அந்த நோட்டை வேறு யாரும் பார்த்ததில்லை.

கடைசிக் கற்பூர மரத்தையும் அறுத்துவிட்டு ஆலையை மூடினார்கள். ஆலையின் தண்ணீர்க் குழாயை ஊருக்கு விட்டுக்கொடுத்தார்கள். கோமதிநாயகத்துக்கு ஊர் திரும்ப மனமில்லை, அங்கே காத்திருக்கவும் ஆளில்லை. இருந்துவிட்டார்.

ஆலை மூடிய மூன்றாம் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காட்டிலிருந்து வண்ணத்துப்பூச்சிகள் புறப்பட்டு வந்து ஊராரின் இடது தோளில் உட்கார்ந்தன, ஆளுக்கு ஒன்று. மாவு இடித்துக்கொண்டிருந்தவள் தோளில் ஒன்று, தொட்டில் பிள்ளை தோளில் ஒன்று, முடிவெட்டிக்கொண்டிருந்தவன் தோளில் ஒன்று, வெட்டுகிறவன் தோளில் ஒன்று. உட்கார்ந்தவை எழுந்திருக்கவில்லை. குளித்தாலும் போகவில்லை, குனிந்தாலும் போகவில்லை, விரட்டினால் ஒரு சாண் எழும்பி அதே இடத்தில் அமர்ந்தன. பெண்கள் அன்று மாலைக்குள் மேல்துணியை அதற்கு இடைஞ்சலில்லாமல் கட்டப் பழகிவிட்டார்கள். தையற்காரர் இடது தோளில் மடிப்பு வைக்காத சட்டை தைத்தார். மறுநாள் பிறந்த பிள்ளைக்குத் தொப்புள்கொடி அறுப்பதற்குள் ஒன்று வந்து அமர்ந்ததைக் கண்ட மருத்துவச்சி, "வந்துட்டியா, இரு, துடைச்சுடறேன்," என்று அதனிடமே சொன்னாளாம். கிழவர்கள் மட்டும் ஒருவரையொருவர் பார்த்து, நிழலுக்கிருந்த மரம் போனால் அது நம்மிடம்தானே வரும் என்று சொல்லிக்கொண்டார்கள். அதற்குமேல் யாரும் காரணம் தேடவில்லை.

தேடியது வேறொன்று. என்னுடையது என்ன வகை?

அதைச் சொல்லக்கூடியவர் அந்த மலையில் ஒருவர்தான். இருபது வருஷம் பூச்சிப் பைத்தியம் என்று தன்னைப் பார்த்துச் சிரித்த ஊர் வாசலில் வரிசையில் நின்றபோது, கோமதிநாயகம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தோளாகப் பார்த்தார். நான்கு வகை என்றார். வெளிர்மஞ்சளாய் வாலோடு இருப்பது மஞ்சள்வாலி. கறுப்பில் பெரிய வெள்ளைத் திட்டு உள்ளது வெள்ளையன். கறுப்பில் சிறு பொட்டுகள் உள்ளது புள்ளிக்காரி. வால் இல்லாமல் செந்நிறமாய்க் கறுப்பு விளிம்போடு இருப்பது செம்மண். ஊர்த் தலைவர் ஷெம்டோவின் தோளில் மஞ்சள்வாலி இருந்தது. அவர் நோட்டை வாங்கி, படிக்கத் தெரியாத தமிழெழுத்தை விரலால் தடவி, "இங்கே செம்மண்ணுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாக எழுதியிருக்கிறாயே, அது என்ன ஃபுண்டி?" என்று கேட்டார்.

அந்த வார்த்தை 'வேடம்'. காட்டில் கசப்புப் பூச்சிகள் சில உண்டு, பறவை கொத்திவிட்டுத் துப்பும். கசப்பில்லாத பூச்சிகள் சில அவற்றைப் பார்த்து அதேபோல நிறம் போட்டுக்கொண்டு தப்பிக்கும். ஒருநாள் ஈப்பிடிக்கிற குருவியொன்று செம்மண்ணைப் பிடித்துத் துப்பாமல் தின்றதை அவர் பார்த்திருந்தார். மற்ற மூன்றைத் தின்றதைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவே ஒரு காடே இருக்கிறது. ஆனால் அன்றைக்கு வாசலில் அத்தனை பேர் நின்றார்கள், "அது இன்னொன்றைப்போல வேடம் போடுகிற பூச்சி. மற்ற மூன்றும் அசல்," என்று சொல்லிவிட்டார்.

முதலில் அதனால் நன்மையே நடந்தது. ஊருக்கு ஒரே குழாய், தினமும் குடத்தால் அடித்துக்கொள்வார்கள். இப்போது வகை வகையாக வரிசை நின்றார்கள், சண்டை ஓய்ந்தது. பிறகு ஒரு குழாயை நாலு குழாயாக்கினார்கள். ஒவ்வொன்றின்மேலும் வகையின் பெயரைச் சாயத்தால் எழுதினார்கள். நாலாவது, சரிவுக்குக் கீழே வைத்த குழாயின்மேல் மட்டும், அவர் சொன்ன அந்த வார்த்தையைத் தங்கள் பாஷையில் எழுதினார்கள். தோளோடு தோள் உரசினால் பூச்சி இடம் மாறிவிடும் என்று யாரோ பயந்தார்கள். அதன்பின் வெவ்வேறு வகைக்காரர்கள் ஒரே பாதையில் சேர்ந்து நடப்பதில்லை. செம்மண்காரன் சாட்சி சொன்னால் ஏற்பதில்லை. அவன் காயவைத்த ஏலக்காயைப் பிளந்து பார்க்காமல் எடுப்பதில்லை. இருபத்துமூன்று வீடு செம்மண். ஆண்கள் ஒவ்வொருவராக மலையிறங்கி, கீழே கற்றாழை நார்த்தோட்டங்களுக்கு வேலைக்குப் போனார்கள், திரும்பவில்லை. கூட்டம் கூடுகிற இடத்தில், ஆலையின் துருப்பிடித்த கொதிகலன் நிழலில், கோமதிநாயகத்துக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். முதல் தேநீர் அவருக்கு வந்தது.

உலகம்மாளின் தோளில் செம்மண் இருந்தது.

அவள் சரிவிறங்கி நாலாவது குழாயில் தண்ணீர் பிடித்தாள். அங்கே அவளுக்குப் பக்கத்து வீட்டு ம்வஜுமா துணை. ம்வஜுமாவுக்கு வாய் சும்மா இருக்காது. "தலைவருக்குத் தோளில் வால் முளைச்சிருக்கு பார்த்தியா உலகா? முன்னாடி வேற இடத்துல இருந்துச்சு, மேல ஏறிடுச்சு," என்பாள். குடத்தைத் தூக்கிவிட்டு, "உன் புருஷன் ரம்பத்துக்குப் பல்லு வைக்கிறவர்தானே, ஊருக்கும் வெச்சிட்டார்," என்பாள். உலகம்மாள் சிரிப்பாள், ஏறி வரும்போது சிரிப்பு பாதியில் நின்றுவிடும். வீட்டில் கோமதிநாயகம் கட்டிலைச் சுவரோரம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். அவர் இடது தோள் அவள்மேல் உரசாமல் சுவர்ப்பக்கம் இருக்கும்படி.

ஒரு நாள் ரசம் கொதிக்கும்போது அவள் ஒரு கொத்துக் கறிவேப்பிலையோடு வந்து நின்றாள். கொத்தில் இரண்டு புழுக்கள் இருந்தன, ஒன்று பறவை எச்சம்போலச் சிறியது, ஒன்று பச்சையாய்ப் பருத்தது.

"இந்தச் செடியில இருபது வருசமா நாந்தான் புழு எடுக்கேன். எல்லாம் ஒரே புழு. தொட்டா ஒரே கொம்பு நீட்டுது, ஒரே நாத்தம். ஆனா கூட்ட விட்டு வாரப்ப ஒண்ணு மஞ்சளா வாலோட வருது, ஒண்ணு வெள்ளையா வருது, ஒண்ணு புள்ளியா வருது, ஒண்ணு எந்தோள்ல இருக்கே இது மாரி வருது. நீங்க நாலு வகைன்னு எழுதிட்டிய. நாலும் ஒண்ணுதான். அந்த வார்த்தைய அடிச்சிருங்க."

"நீ ரசத்தப் பாரு. நானூத்திப் பன்னெண்டு வகை பாத்தவன்ட்ட வந்து, கருவேப்பிலையில புழு பொறுக்குனவ பாடம் நடத்துதா."

"பாத்தது நீங்க. வளத்தது நாந்தான."

அவர் நோட்டை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். ரம்பத்தின் ஒரு பல் கோணினால் மறுநாளே மரத்தில் தெரிந்துவிடும் என்று அறிந்த மனிதர்தான். ஆனால் அந்த நாற்காலி, அந்தத் தேநீர், தன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும் அத்தனை முகங்கள். அறுபது வயதில் முதல்முறை வந்த மரியாதையை ஒரு கறிவேப்பிலைக் கொத்துக்காக விட அவருக்கு மனம் வரவில்லை.

அந்த மழைக்காலத்தில் ஆலைக் காவலாளி ஹோஸாவின் மகளுக்கு, அவளும் செம்மண்தான், பிரசவம் சிக்கலாயிற்று. ஊரில் ஒரு வழக்கம் உண்டு, நோயாளியைக் கட்டிலில் கிடத்திக் கீழே பதினேழு கிலோமீட்டர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக வீட்டுக்கு ஒரு தோள் வரவேண்டும். பதினாறு பேர் மாற்றி மாற்றித் தூக்குவார்கள். நோயாளியின் உடம்பு ஆடாது, கட்டில் தரையைத் தொடாது. இப்போது தோள் உரசும் பயத்தால் அந்தந்த வகையை அந்தந்த வகையே தூக்கவேண்டும் என்று கூட்டத்தில் முடிவாகியிருந்தது. செம்மண்ணில் ஹோஸாவையும் ஒரு பெண்ணையும் தவிர அன்றைக்கு மழைக்காய்ச்சலில் யாரும் எழுந்து நிற்கும் நிலையில் இல்லை. கட்டில் பாதையில் பலமுறை தரையைத் தொட்டது. ஹோஸா மறுநாள் தனியாகத் திரும்பி வந்து, கொதிகலன் அருகே நின்று, எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். கோமதிநாயகத்தின் கையில் தேநீர் இருந்தது. அதை அவர் குடித்து முடித்தார்.

அதற்குப் பிறகுதான் உலகம்மாள் கேட்பதை நிறுத்திவிட்டுச் செய்யத் தொடங்கினாள். ஒரு மதியம் கறிவேப்பிலைச் செடியருகே நாற்காலியில் அவர் கண்ணயர்ந்தபோது, செடியில் ஒரு புழு மிச்சமில்லாமல் பொறுக்கிவிட்டு, அவரையும் செடியையும் சேர்த்து ஒரே கொசுவலைக்குள் மூடினாள். அவர் தோளிலிருந்த வெள்ளையன் மெல்ல இறங்கி, இலைக்கு இலை தாவி, வயிற்றை வளைத்துப் பதினோரு முட்டை வைத்துவிட்டு, பழையபடி அவர் தோளில் வந்து உட்கார்ந்தது.

அவர் விழித்துத் தலைக்குமேல் வெள்ளைத் துணியைப் பார்த்து, "ஏட்டி, என்ன இது, எனக்குப் பாடையா கட்டுத?" என்றார்.

"உங்களுக்கில்ல, உங்க நோட்டுக்கு," என்றாள் அவள். "உங்க தோள்ல இருக்கதுதான் தாயி. மத்ததெல்லாம் வாரப்ப நீங்களே பாருங்க."

நாற்பது நாள் அவள் அந்த வலைக்குள் வேறொரு கறிவேப்பிலை இலை போகாமல், வேறொரு பூச்சி நுழையாமல் காவலிருந்தாள். எறும்பு மூன்றைத் தூக்கிப்போயிற்று. எட்டு மிஞ்சி, வளர்ந்து, பச்சைக் கூடாகி, இடுப்பில் நூல் கட்டிக்கொண்டு கிளையில் சாய்ந்து நின்றன. முப்பத்தேழாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. முப்பத்தொன்பதாம் நாள் கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்தது.

கோமதிநாயகம் ஷெம்டோவின் வீட்டுக்கு ஓடினார். தலைவர் நல்ல மனிதர்தான், கதவைச் சாத்தவில்லை, உட்காரச் சொன்னார்.

"ஆள் அனுப்புங்க. வெள்ளையன், மஞ்சள்வாலி யாரானாலும் சரி. அவ பிழைக்கணும்."

"ஃபுண்டி, இது உன் புத்தகம். உன் மனைவிக்காக இன்னிக்கு நான் இதை மாத்தினா, ஹோஸா முகத்துல எப்படி முழிப்பேன்? அன்னிக்கு நீ இங்கதானே உட்கார்ந்திருந்தே?"

"அந்தப் புத்தகம் தப்பு."

"தப்புன்னு எப்ப தெரிஞ்சுது?"

கோமதிநாயகம் தலைவரின் தோளிலிருந்த மஞ்சள்வாலியைப் பார்த்தார்.

"ஊர் உன் பேச்சுக்குத்தான் பிரிஞ்சுது. உன் பேச்சுக்கே சேரும். ஆனா பேச்சு போதாது. கையில எதையாவது கொண்டா, எல்லார் கண்ணுக்கும் காட்டு, நானே முதல்ல தோள் குடுக்கறேன்."

மறுநாள் காலை செம்மண் வகையில் ஊரில் மிச்சமிருந்த ம்வஜுமாவும் இன்னும் இரண்டு பெண்களும் வந்தார்கள். நாலாவது காலுக்கு ஆள் இல்லாமல் கட்டில் வாசலில் கிடந்தபோது ஹோஸா வந்தார். கோமதிநாயகத்தின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. குனிந்து, தலைமாட்டுக் கழியைத் தோளில் வைத்துக்கொண்டு, "தூக்குங்க," என்றார். கோமதிநாயகமும் துண்டைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார்.

"நீங்க வராதிய," என்றாள் உலகம்மாள். "இன்னைக்கு வெடிக்கும். கூடு கண்ணாடி மாரி ஆயிட்டு, நேத்தே பாத்தேன். பாக்காம விட்டா பாத்ததா ஆகாது. நீங்க எழுதுனது, நீங்கதான் பாக்கணும்."

"உலகு…"

"ஹோஸா மகளுக்குன்னு வச்சுக்கிடுங்க."

அவர் ஏலக்காய்த் தோட்டம் வரை போய் நின்றுவிட்டார். அவள் சொன்னதற்காக நின்றாரா, அந்தக் கூடுகளிலிருந்து என்ன வரப்போகிறது என்று காணும் பழைய ஆசைக்காக நின்றாரா என்பதை அவர் பிற்பாடு எத்தனையோ முறை தன்னிடமே கேட்டிருக்கிறார். ஒருநாள் ஒன்று உண்மையாகத் தோன்றும், மறுநாள் மற்றது.

வலைமுன் உட்கார்ந்தார். எட்டு மணிக்கு முதல் கூடு கீறிப் பிளந்தது. ஈரமாய், கசங்கிய துணிபோல வெளியே வந்து, தொங்கி, இறகை உலர்த்தி விரித்தது மஞ்சள்வாலி. அடுத்தது மஞ்சள்வாலி. மூன்றாவது வெள்ளையன். அதன்பின் ஒரே சமயத்தில் இரண்டு மஞ்சள்வாலி. ஒன்பதரைக்குப் புள்ளிக்காரி வந்தது. பிறகு இன்னொரு வெள்ளையன். ஒரு கூடு மட்டும் அசையவில்லை. எழுந்து ஓடிவிடலாம், இதுவே போதும் என்று மனம் சொல்லிற்று. வலைக்குள் செம்மண் இல்லாமல் போனால் ஊரார் செம்மண்ணை மட்டும் ஒதுக்கிவிடுவார்கள் என்று அதே மனம் சொல்லிற்று. அவர் இருந்தார். வெயில் செடியின் வேருக்கு வந்தது. கட்டில் இந்நேரம் பாறைமுனை தாண்டியிருக்கும், ஓடைப்பாலம் தாண்டியிருக்கும், எங்கே இறக்கிவைத்தார்களோ, தண்ணீர் கொடுத்தார்களோ என்று எண்ணிக்கொண்டே இருந்தார். பத்தரைக்குக் கடைசிக் கூடு கீறி, மழைத்தண்ணீரில் கரைத்த செம்மண் நிறத்தில் ஒரு இறகு வெளியே வந்தது.

வலையோடு செடியை அரிவாளால் அடியில் வெட்டி எடுத்துக்கொண்டு ஓடினார். கொதிகலன் அருகே இறக்கி வைத்தார். ஊர் கூடிற்று. வலைக்குள் ஒரே செடியில், ஒரே கிளையில், எட்டுக் கூட்டின் சக்கைகளுக்குப் பக்கத்தில் நாலு வகையும் இறகை விரித்து விரித்து மூடிக்கொண்டிருந்தன.

"ஒரே தாயா?" என்றார் ஷெம்டோ.

"ஒரே தாய். இதோ என் தோள்ல இருக்கிறதுதான். வால் உள்ளது ஆண். மத்த மூணும் பெண். ஒரு தாய்க்குப் பிறந்த பெண்கள் மூணு உருவத்துல வராங்க. வேடம்னா மூணுமே வேடம், அசல்னா மூணுமே அசல். நான் எழுதினது தப்பு. எல்லாரும் கேளுங்க, நான் எழுதினது தப்பு."

ஷெம்டோ மேல்சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார், அது கோமதிநாயகத்தின் நாற்காலி. "பதினாறு பேர்," என்றார். எண்ணுவதற்குமுன் முப்பது பேர் நின்றார்கள். மஞ்சள்வாலியும் வெள்ளையனும் புள்ளிக்காரியும் தோளோடு தோள் முட்டிக்கொண்டு அந்த ஒற்றையடிப் பாதையில் ஓடினார்கள். கோமதிநாயகம் நடுவில் ஓடினார். பூச்சிகள் அவரவர் தோளிலேயே இருந்தன. ஒன்றுகூட இடம் மாறவில்லை.

ஓடைப்பாலத்துக்குக் கொஞ்சம் மேலே கட்டில் எதிரே ஏறி வந்துகொண்டிருந்தது. ஒரு சேலை தலை வரைக்கும் போர்த்தியிருந்தது. ஹோஸா முன்னால், ம்வஜுமா பின்னால். முப்பது பேரும் ஓடிவருவதைப் பார்த்து ம்வஜுமா நின்றாள். அவள் தோளில் கழி பதிந்த இடம் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"ஓடினது போதும்," என்றாள். "மெதுவா நடங்க. இனி அவசரம் இல்ல."

உலகம்மாளின் தோளைக் கோமதிநாயகம் சேலையை விலக்கிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. பாலத்தில் இறக்கிவைத்தபோது அது எழுந்து காட்டுப்பக்கம் போய்விட்டதென்று ஹோஸா சொன்னார். மகள் செத்த நாளுக்குப் பிறகு அவர் கோமதிநாயகத்திடம் பேசிய முதல் பேச்சு அது.

நாற்பது நாள் ஊர் துக்கம் காத்தது. அந்த நாற்பது நாளும் யார் வேண்டுமானாலும் எந்தக் குழாயில் வேண்டுமானாலும் தண்ணீர் பிடித்தார்கள். நாற்பத்தோராம் நாள் பெருமழை தொடங்கிற்று, விடிந்து பார்த்தபோது ஒருவர் தோளிலும் பூச்சி இல்லை. வந்ததுபோலவே போய்விட்டன. போனதற்கும் யாரும் ஆச்சரியப்படவில்லை. ஆனால் இடது தோள் குளிர்கிறது என்றார்கள். நடக்கும்போது ஒருபக்கம் சாய்கிறது என்றார்கள். குளிருக்காக முதலில் ஒருத்தி பழைய துணியை வெட்டி அந்த இடத்தில் ஒட்டுப்போட்டுத் தைத்தாள், அவளுடையது மஞ்சளாக இருந்தது. மாதம் முடிவதற்குள் எல்லாச் சட்டையிலும் ஒட்டுத்துணி வந்துவிட்டது, அவரவர் வகையின் நிறத்தில். குழாய்களுக்கு வகைக்கொரு வரிசை திரும்பிற்று.

கோமதிநாயகம் நோட்டை எடுத்துக்கொண்டு ஷெம்டோவிடம் போனார். அந்த வார்த்தையைத் தலைவரின் கண்ணெதிரே அடித்தார், தாள் கிழியும்வரை அடித்தார். "ஒரு தாய்ப் பிள்ளைகள்னு காட்டினேனே. பார்த்தீங்களே."

"பார்த்தோம் ஃபுண்டி. நீ சொன்னது சரி. எல்லாம் ஒரு தாய்தான்," என்றார் ஷெம்டோ. அவர் குரலில் கோபமில்லை, களைப்பு இருந்தது. "ஒரு தாய்ப் பிள்ளைங்கதானே பாகம் பிரிப்பாங்க. அடுத்த வீட்டுக்காரனோட யார் பாகம் பிரிக்கிறாங்க?"

ஆனாலும் உலகம்மாள் விஷயத்தில் ஊருக்கு வெட்கம் இருந்தது. இனி யாருக்கும் அப்படி நேரக்கூடாது என்று கூட்டம் போட்டுப் பேசினார்கள், இரண்டு நாள் பேசினார்கள், சில பேர் அழுதார்கள். கடைசியில், வகைக்கு ஒன்றாக நாலு தூக்குக்கட்டில் செய்வதென்று முடிவாயிற்று. ஆலையில் மிச்சம் கிடந்த கற்பூரப் பலகையை எடுத்துக் கொடுத்தார்கள். அறுக்கத் தெரிந்தவர் கோமதிநாயகம் ஒருவர்தான். நாலையும் அவரே செய்தார். செய்து முடித்த அன்று தன் சட்டையின் வெள்ளை ஒட்டைப் பிரித்துவிட்டு, உலகம்மாளின் பழைய சேலையிலிருந்து செந்நிறத்தில் ஒரு துண்டு வெட்டி அந்த இடத்தில் தைத்துக்கொண்டார். யாரும் தடுக்கவில்லை. மறுநாளிலிருந்து சரிவிறங்கி நாலாவது குழாயில் தண்ணீர் பிடித்தார். ம்வஜுமா குடத்தைத் தூக்கிவிட்டாள். உலகம்மாளைத் தூக்கிப்போன மற்ற இரண்டு பெண்களும் அதற்குள் மலையிறங்கிப் போயிருந்தார்கள்.

வெட்டிய கறிவேப்பிலை வேரிலிருந்து துளிர்த்து இப்போது கூரை உயரம் நிற்கிறது. புழுக்கள் வருகின்றன. அவர் எடுப்பதில்லை.

செம்மண் வகையின் கட்டில் அவர் வீட்டுச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது, கற்பூர வாசனை இன்னும் போகவில்லை. அதைத் தூக்க நாலு பேர் வேண்டும். அந்த வகையில் இப்போது ஊரில் இருப்பது, அவரையும் ஹோஸாவையும் ம்வஜுமாவையும் சேர்த்து, மூன்று பேர்.